வல்ப்ரேஸா வீட்டு மதகு

அன்று வல்ப்ரேஸா வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுத் தலைவர் மேஜர் பல்தசார் வல்ப்ரேஸா. அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மனைவி எர்மெலிந்தா. பண்ணைக் காரியங்களைப் பார்த்துவந்த பியெரின். கால் முறிந்து அந்த வீட்டில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படையின் கேப்டன் வெர்னாக். வெர்னாக்கின் பணியாள் ஒருவன். அவன் பெயர் யாருக்கும் நினைவில்லை. கடைசி நேரத்தில் கோயிலிலிருந்து வந்து சேர்ந்த பாதிரியார் செகோந்தோ சாமி. இவர்களைத் தவிர வேறு ஒருவரும் அங்கே இல்லை. பிற்பாடு சாராயக் கடைகளில் உட்கார்ந்து "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்தவர்கள் எல்லாம் அன்று மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். ஒளிந்ததில் தப்பில்லை. பார்த்ததாகச் சொல்வதுதான் தப்பு.

செத்துப்போன பேரரசரின் மகள் வியன்னாவில் ஆளலாமா கூடாதா என்று தொடங்கிய சண்டை அது. வியன்னா எங்கே, இத்தாலியின் மூலையில் பியெமோந்தே எங்கே! ஆனாலும் அது மெல்ல மெல்ல மலையைத் தாண்டி வந்து, கூனியோ நகரத்துக்கு வடக்கே வல்ப்ரேஸா குடும்பத்தின் புல்வெளியில் கூடாரம் அடித்துவிட்டது. பியெமோந்தே ராஜா அந்தப் பெண்ணின் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் எதிர்ப்பக்கம். புல்வெளி யார் பக்கமும் இல்லை.

பல்தசார் அந்தக் கோடையில் மலைக்கணவாயில் பிடிபட்டவர். ஓடும்போது பிடிபடவில்லை, குதிரை குண்டடிபட்டு அவர்மேல் விழுந்தது, எழ முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவரை மரியாதையாகவே நடத்தினார்கள். பதிலுக்குப் பதில் கைதி மாற்றிக்கொள்ளும் வரை தங்கள் ராஜாவுக்கு எதிராகக் கையாலோ வாயாலோ ஒன்றும் செய்வதில்லை என்று வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு அது வழக்கம். சிறைக் கம்பியைவிட வாக்கு உறுதியானது என்று எல்லோரும் நம்பினார்கள். பல்தசார் நம்பியது இன்னும் கொஞ்சம் அதிகம்.

"எனக்கு மட்டுமில்ல, என் அடுப்புல சாப்பிடுற எல்லாருக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்கறேன்" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த பிரெஞ்சு அதிகாரி பேனாவை நிறுத்தினான். "உங்க வாக்கு மட்டும் போதும் ஐயா."

"வல்ப்ரேஸா ஒருத்தன் வாக்குக் கொடுத்தா அது வீட்டோட சேர்த்துத்தான். எழுதுங்க."

எழுதினான்.

கேப்டனுக்குக் கேப்டன், மேஜருக்கு மேஜர் என்றுதான் கைதிகளை மாற்றுவார்கள். பல்தசார் வாழ்நாள் பூராவும் கேப்டனாக இருந்தவர்; மேஜர் பதவி வந்து கோட்டுப் பொத்தான்களை மாற்றித் தைப்பதற்குள் பிடிபட்டுவிட்டார். பியெமோந்தேக்காரர்களிடம் பிரெஞ்சுக் கேப்டன்கள் நிறையச் சிக்கியிருந்தார்கள். மேஜர் ஒருவன்கூட இல்லை. 'உங்களைக் கேப்டன் என்று கணக்கில் வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறோமே' என்று இரண்டு பக்கத்தாரும் ஆள் அனுப்பினார்கள். பல்தசார் மறுத்துவிட்டார். ராஜா கொடுத்த பதவியை வசதிக்காகக் கழற்றி வைக்க அது தொப்பியா?

ஆகவே, செப்டம்பர் கடைசியில் அவருடைய சொந்த ரெஜிமென்ட் அவருடைய சொந்தப் புல்வெளியில் போருக்கு அணிவகுத்தபோது, அவர் தன் வீட்டு மாடி ஜன்னலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் சாய்வு நாற்காலியில் வெர்னாக். வேடிக்கை பார்க்கவேண்டும் என்று பணியாளைக் கொண்டு தன்னை மாடிக்குத் தூக்கி வரச் செய்திருந்தார். தூக்கி வந்தவன் அப்படியே நிலவறைக்குப் போய்விட்டான். அங்கே அந்த வருடத்துப் புது ஒயின் நுரைத்துக்கொண்டிருந்தது.

"கேப்டன்னு ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் கீழ நின்னிருப்பீங்க மேஜர்" என்றார் வெர்னாக்.

"உங்க குதிரை உங்களை வேலியில தூக்கிப் போடாம இருந்திருந்தா நீங்களும் நின்னிருப்பீங்க."

"அதுவும் சரிதான்." வெர்னாக் சிரித்தார். பல்தசாரால் அந்த ஆளிடம் கோபப்படவும் முடியாது. அதுவே ஒரு எரிச்சல்.

காலை முழுவதும் பீரங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. புகை மல்பெரி மரங்களுக்கு மேல் எழுந்து கலைந்தது. ரெஜிமென்ட் புல்வெளியின் நடுவே நீளமாக நின்றது. இடது கோடியில் வெள்ளைச் சிலுவைக் கொடிக்குக் கீழே நின்ற கம்பெனி பல்தசாரின் பழைய கம்பெனி. இப்போது அதன் கேப்டன் அவருடைய தம்பி மகன் ஒத்தாவியோ, எர்மெலிந்தாவின் ஒரே பிள்ளை.

இடது பக்கத்தைக் காப்பாற்ற அங்கே எதுவுமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் வாய்க்கால் இருக்கிறதே என்று நினைத்துவிட்டார்கள். எந்த மடையன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று பல்தசார் பல்லைக் கடித்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது கோட்டைச் சுவர் மாதிரி. ஆனால் கடைசிப் புல் அறுப்பு முடிந்து, தூர் வாருவதற்காகப் பியெரின் மதகை அடைத்துப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. இரண்டு ஆள் ஆழம், காய்ந்த தரை, இரு கரையிலும் அடர்ந்த மரங்கள். ரெஜிமென்டில் இதைத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை; ஒத்தாவியோகூடக் கோடை முழுக்க வீட்டுப் பக்கம் வரவில்லை. தெரிந்தவர் ஜன்னலில் நின்றார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தூர் வாரும் ஆட்களைப் பார்த்துக்கொண்டேதான் அவர்கள் அங்கே முகாமிட்டிருந்தார்கள். நடுப்பகலில் அவர்களுடைய குதிரைப்படை, பல்தசாரின் களத்துமேட்டைச் சுற்றி வந்து, ஒவ்வொருவனாகக் குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்திக்கொண்டு, மதகுக்குக் கீழே வாய்க்காலுக்குள் இறங்கியது. குதிரைகளின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். வாய்க்கால் புல்வெளியை ஒட்டியே போய், ரெஜிமென்டின் முதுகுக்குப் பின்னால் தரைமட்டத்துக்கு வரும்.

"அழகா இருக்கில்ல?" என்றார் வெர்னாக் மெதுவாக. "யோசனை என்னுடையதுதான். ஆனா கால் போச்சு."

பல்தசார் கீழே நின்ற ரெஜிமென்டைப் பார்த்தார். ஒரு கூச்சல் போதும். ஒரு துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டால் போதும். 'கையாலோ வாயாலோ.' இரண்டையும் அவரே ஒப்புக்கொடுத்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு எர்மெலிந்தா வந்தாள். சமையற்கட்டு ஜன்னலிலிருந்து அவளும் பார்த்துவிட்டாள்.

"பெரியவரே, வாய்க்கால்ல குதிரை இறங்குது."

"பார்த்தேன்."

"பையன் அந்தக் கோடியில நிக்கிறான்."

"அதையும் பார்த்தேன்."

"அப்ப மதகைத் திறக்கச் சொல்லுங்க! மேல் வாய்க்கால்ல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. பலகையைத் தூக்கினா போதும்."

"முடியாது."

"ஏன் முடியாது? கை சுளுக்கிக்கிச்சா?"

"வாக்குக் கொடுத்திருக்கேன், எர்மெலிந்தா. பியெரினுக்கும் சேர்த்து. உனக்கும் சேர்த்து."

"உங்களை யாரு எனக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னா?"

பிரெஞ்சுக்காரனே வேண்டாம் என்றுதான் சொன்னான்.

"செத்தவர் இருந்திருந்தா இப்படிக் கல்லு மாதிரி நின்னிருக்க மாட்டார்" என்றாள்.

"என் தம்பியா? அவனும் நின்னிருப்பான். கொஞ்சம் அழுதுக்கிட்டு நின்னிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்."

எர்மெலிந்தா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "என்ன சொல்லி வாக்குக் கொடுத்தீங்க?"

"என் அடுப்புல சாப்பிடுற எல்லாருக்கும்னு."

"நான் உங்க அடுப்புல சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

பல்தசாரின் முகம் சிவந்தது. இதை அந்நியன் முன்னால் பேசவேண்டி வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தம்பி இறந்தபிறகு, ஒத்தாவியோவைப் படையில் சேர்ப்பதா சாமியாராக்குவதா என்று வந்த சண்டையில், எர்மெலிந்தா வீட்டின் கீழ்க்கோடியில் தனி அடுப்பு மூட்டிவிட்டாள். தன் சீதன நிலத்துக் கோதுமை, தன் மாவு, தன் விறகு. ஒரே கூரை, ஒரே வாசல், ஆனால் இரண்டு குடித்தனம். அந்தப் பக்கத்தில் அடுப்பை வைத்துத்தான் குடித்தனத்தை எண்ணுவார்கள். ராஜாவின் உப்பு வரிகூட அப்படித்தான். வரிக்காரனுக்கு இரண்டு அடுப்பு என்று ஒப்புக்கொண்டவர் பல்தசார்தான். வெளியில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. விருந்தாளி வந்தால் எர்மெலிந்தா அவர் மேஜையில் வந்து உட்காருவாள். தட்டில் இருப்பது அவள் அடுப்பில் சுட்டதாக இருக்கும்.

"இந்தக் கதையை இப்ப எதுக்கு எடுக்கறே?" என்றார்.

"நான் உங்க வாக்குல இல்லைங்கறதுக்கு." அவள் திரும்பி நடந்தாள்.

வெர்னாக்குக்கு அதுவரை அது ஒரு குடும்பச் சண்டை. இப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் நிமிர்ந்தார். "மேஜர்! அந்தம்மா எங்க போறாங்க?"

"மதகுக்கு."

"நிறுத்துங்க அவங்களை!"

"நான் உங்க ராஜாவுக்கு எதிரா ஒண்ணும் செய்யமாட்டேன்னுதான் சொன்னேன். உங்க ராஜாவுக்கு வேலை செய்வேன்னு சொல்லலை."

"உங்க வீட்டு மனுஷிதானே? வாக்குல அடக்கம்தானே? அதை மட்டும் சொல்லுங்க, போதும். 'ஆமா, என் வீட்டைச் சேர்ந்தவ'ன்னு ஜன்னல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாக்கு மேல மரியாதை உள்ள பொம்பளை, நின்னுடுவாங்க."

சொல்லியிருக்கலாம். சொன்னால் குடும்ப மானம் தப்பும். வல்ப்ரேஸா வீடு இரண்டாக உடைந்த கதை பிரெஞ்சு முகாமில் பேச்சாகாது. பல்தசார் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"இல்லை" என்றார். "அவ தனி அடுப்பு."

அந்த ஒரு வார்த்தை குதிரை மேலே விழுந்ததைவிட வலித்தது.

வெர்னாக் ஊன்றுகோலால் தரையைக் குத்தித் தன் பணியாளைக் கூப்பிட்டார். கத்தினார், வைதார், அவன் அம்மாவை இழுத்தார். நிலவறையிலிருந்து ஒரு பாட்டுதான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குதிரைக்காரர்களைக் கூப்பிட்டார்; படையின் வால் பக்கம்கூட அதற்குள் வாய்க்கால் வளைவைத் தாண்டியிருந்தது, பீரங்கிச் சத்தத்தில் அவர் குரல் முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை. எழ முயன்று விழுந்தார். பல்தசார் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

"இதுக்குக் கை வருதா?" என்று சீறினார் வெர்னாக்.

"விருந்தாளி விழுந்தா தூக்கறது போர் இல்லை."

மதகு ஜன்னலுக்கு நேர் கீழே, முற்றத்தின் கோடியில் இருந்தது. எர்மெலிந்தா பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு கரைமேல் ஏறிவிட்டாள். அங்கே பியெரின் நின்றுகொண்டிருந்தான். எஜமான் அடுப்பில் நாற்பது வருடம் சாப்பிட்டவன். அவன் கைகள் இரண்டும் அக்குளுக்குள் புதைந்திருந்தன.

"தூக்குடா கூட!"

"முடியாதும்மா. நான் வாக்குல இருக்கேன்."

"அப்ப தள்ளி நில்லு, வழியை மறைக்காதே."

அவள் பலகையின் கைப்பிடிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். பலகை அசையவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தாள். ஒரு விரல்கடைகூட எழவில்லை. மாடியில் நின்ற பல்தசாருக்குக் காரணம் தெரியும். அந்தப் பலகை சங்கிலியை இழுத்தால் வராது. தூர் வாரும்போது யாரும் தெரியாத்தனமாகத் திறந்துவிடக்கூடாது என்று இடது பக்கக் கல்லிடுக்கில் ஒரு மர ஆப்பு அடித்திருப்பார்கள். முதலில் அதைத் தட்டி எடுக்கவேண்டும். சேறு படிந்து கல்லோடு கல்லாக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்குப் படாது. அது அவர் தாத்தா காலத்து ஏற்பாடு.

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து செகோந்தோ சாமி ஓடி வந்தார். அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணி கேட்க வந்தவர்.

"சாமி, ஒரு கை கொடுங்க!"

சாமி வாய்க்காலைப் பார்த்தார், புரிந்துகொண்டார், தயங்கினார். "நான் ஞாயித்துக்கிழமை மேஜர் வீட்லதானே சாப்பிடறேன்? நானும் வாக்குல வந்துடுவேனே?"

"போன ஞாயிறு தின்ன கோழி யாரோடது?"

"உங்களோடது."

"அதுக்கு முந்தின ஞாயிறு?"

"அதுவும் உங்க கோழிதான்." சாமி அங்கியின் கையை மடித்துக்கொண்டு கரையில் ஏறினார். இருவரும் இழுத்தார்கள். சாமி சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார். பலகை நின்ற இடத்தில் நின்றது. எர்மெலிந்தா பலகையை உதைத்தாள். பிறகு சங்கிலியைப் பிடித்தபடியே, பிள்ளை பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

பல்தசார் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். 'இடது பக்கம்.' இரண்டே வார்த்தை. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. விழுங்கினார். மறுபடி வந்தன.

அப்போது பியெரினைப் பார்த்தார். பியெரின் பேசவில்லை, கையை எடுக்கவில்லை. ஆனால் அவன் கண் இடது பக்கக் கல்லிடுக்கிலேயே ஆணி அடித்தாற்போல நின்றது. அந்த ஆப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்தசாருக்குக் கோபம் தலைக்கேறியது. வாக்கில் இருப்பவன் கண்ணாலும் காட்டிக்கொடுக்கக்கூடாது. அறுபது வயதில், அணிவகுப்பு மைதானத்தில் பழகிய குரலில், முற்றம் அதிரக் கத்தினார்:

"பியெரின்! அங்க பார்க்காதே! பார்வையைத் திருப்பு!"

பியெரின் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். எர்மெலிந்தா அழுகையை நிறுத்தினாள். பியெரின் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அவள் பார்த்தாள். குனிந்தாள். சேற்றை விரலால் வழித்தாள்.

"சாமி, கல்லு ஒண்ணு எடுங்க."

மாடியில் வெர்னாக் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்ணீர் பாய்ந்த சத்தம் பீரங்கியையும் மீறிக் கேட்டது. பழுப்பாக, இலையும் குப்பையுமாக, வளைவைத் தாண்டி ஓடியது. அடித்துக்கொண்டு போகிற வெள்ளம் இல்லை; குதிரையின் வயிறு வரைதான். ஆனால் வாய் கட்டிய குதிரை பின்னாலிருந்து தண்ணீர் வந்தால் சும்மா நிற்காது. கால் பதியவில்லை, கரை ஏறத் துடித்தன, கட்டறுத்துக் கனைத்தன. பிரெஞ்சுக் குதிரைப்படை, சேறு பூசிய குதிரைகளும் தொப்பி இழந்த வீரர்களுமாக, ரெஜிமென்டின் முதுகுக்குப் பின்னால் எழவேண்டியது அதன் கண்ணுக்கு நேராக எழுந்தது.

ஒத்தாவியோவின் கம்பெனி இடப்பக்கம் திரும்பியது. நன்றாகவே திரும்பியது, அந்தத் திருப்பத்தைக் கற்றுக்கொடுத்தவர் பல்தசார். முழங்காலிட்ட வரிசை சுட்டது, நின்ற வரிசை சுட்டது. புகை விலகியபோது கரையில் சவாரி இல்லாத குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அதோடு போர் ஜெயித்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். மதகை மூட யாருக்கும் நினைவில்லை. தண்ணீர் கரை மீறிப் புல்வெளியில் ஏறியது. பியெமோந்தேக்காரர்கள் விரட்டிக்கொண்டு போக முடியவில்லை, பீரங்கிச் சக்கரம் அச்சு வரை புதைந்தது. பிரெஞ்சுக்காரர்களும் வர முடியவில்லை. மாலை வரை இரண்டு படைகளும் சேற்றுக்கு இரு கரையில் நின்று ஒன்றையொன்று வைதுவிட்டு, முகாமுக்குத் திரும்பி, இரண்டும் வெற்றிக்கு நன்றிப் பாட்டுப் பாடின.

பல்தசார் சாயங்காலமே வாளை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுக் காவல்முனைக்குப் போனார். தன் வீட்டு எல்லைக்குள் நடந்ததைத் தானே சொல்லி, வாக்கு மீறப்பட்டதா என்று விசாரிக்கச் சொல்லவேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே கூடாரங்களைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சார்ஜென்ட் அவரைப் பார்த்து, "பெரியவரே, வண்டிக்கு வழி விடுங்க" என்றான். கைதியாக ஒப்படைக்க வாளை நீட்டினார். "இதை எங்க வைக்கிறது? இடமில்லை, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றான்.

வெர்னாக் நேர்மையானவர். அவர் தன் தளபதிக்கு உள்ளது உள்ளபடி சொன்னார். தளபதி சிரித்தாராம்.

மறுநாள் ஒத்தாவியோ வந்தான். ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது, தலை முதல் கால் வரை சேறு. எர்மெலிந்தா அவனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் அவள் தோளுக்கு மேலாகச் சிரித்தான்.

"பெரியப்பா! நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"நான் இல்லை. உங்க அம்மா."

"சரி சரி, அம்மாதான்." கண்ணைச் சிமிட்டினான்.

"கண்ணைச் சிமிட்டாதே! நான் சொல்றது உண்மை."

"உண்மைதான் பெரியப்பா. முகாம்ல எல்லார்கிட்டேயும் அப்படியே சொல்லிடறேன். பாதிரியாரும் அம்மாவும்னு." மறுபடி சிமிட்டினான்.

கர்னல் ஒரு பீப்பாய் ஒயினும் வணக்கமும் அனுப்பினார். பீப்பாயைத் திருப்பி அனுப்பினார் பல்தசார். அடக்கத்தைப் பாருங்கள் என்று இன்னொரு பீப்பாய் வந்தது. ரெஜிமென்ட் அந்த வழியாகப் போனபோது முரசுக்காரர்கள் அவர் வாசலில் நின்று முழக்கினார்கள். அவர் ஜன்னலை அடைத்துக்கொண்டார். பனிக்காலத்தில் பிரெஞ்சு மேஜர் ஒருவன் எங்கோ பிடிபட, ஒருவழியாக மாற்றப்பட்டுப் படைக்குத் திரும்பினார். அதிகாரிகளின் முதல் விருந்திலேயே எல்லோரும் எழுந்து "மதகு மேஜருக்கு!" என்று கோப்பையைத் தூக்கினார்கள். அவர் எழுந்து, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். தனி அடுப்பைக்கூட மறைக்கவில்லை. கை தட்டினார்கள். அன்று இரவு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

இன்றும் கூனியோ பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பல்தசார் வல்ப்ரேஸா மகா தந்திரசாலி, எர்மெலிந்தாவுக்கு ஆப்பைக் காட்டத்தான் அப்படிக் கத்தினார், வாக்கையும் காப்பாற்றிப் பையனையும் காப்பாற்றினார் என்று புகழ்ந்து சொல்கிறார்கள். அது பொய். பியெரின் பார்க்கக்கூடாத இடத்தைப் பார்த்தான், பார்க்காதே என்றார். வேறொன்றும் இல்லை.